பாக்கியம் அக்காவின் வேனும் என் வேக்குவம் மீட்டரும்

போன வாரம் என் காரில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்துவிட்டது. எரிந்தால் எரியட்டும் என்று நான்கு நாள் அப்படியே ஓட்டினேன். எதையும் உடனே செய்து நமக்கு எங்கே பழக்கம்? ஐந்தாம் நாள் பயம் வந்து, கூலிமில் எங்கள் தாமான் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் தம்பி பானட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் எதையோ செருகிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார்.

"மேனிஃபோல்ட் பிரஷர் முப்பத்து நாலு, அக்கா. அது ஓகேலா. சென்சர் ஒயர்தான் லூசு" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஊசி ஆடுதா தம்பி, நிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த ஊசி, அக்கா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் கைப்பேசியில் ஊசி எதுவும் இல்லை, வெறும் எண்தான். அதுவும் நான் பழகிய எண் இல்லை. எஞ்சின் மூச்சை இழுக்கும் குழாய்க்குள் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்பதை அந்தக் கருவி சொல்கிறது. என்னிடம் இருந்த பழைய மீட்டர், எவ்வளவு காற்று இல்லாமல் போயிற்று என்பதைச் சொல்லும். அவருடைய முப்பத்து நாலும் என் மீட்டரின் இருபதும் ஒரே விஷயம்தான். இதை அவரிடம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது, அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த நீல பிஸ்கட் டின்னைத் தேடினேன். எல்லார் வீட்டிலும் நூல்கண்டும் பட்டனும் போட்டு வைத்திருக்கும் டின்தான். என் டின்னில் அவற்றுக்கு அடியில் என் வேக்குவம் மீட்டர் கிடந்தது. உள்ளங்கை அகலத்தில் வட்ட முகம். பூஜ்யத்திலிருந்து முப்பது வரை எண்கள். பதினேழுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒரு பச்சைப் பட்டை. பின்னால் ஒரு கை நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் குழாய். அந்தக் குழாயின் நடுவில், கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பாக ஒரு ஒட்டு. அந்த ஒட்டைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். நேராகச் சொல்லி முடிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த மீட்டரை நான் வாங்கியபோது எனக்கு இருபது வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனப் பிரிவில் இரண்டு வருஷம் படித்து முடித்திருந்தேன். வகுப்பில் முப்பது பையன்கள், நான் ஒருத்தி. பரிசு வாங்கித்தான் வெளியே வந்தேன். ஆனால் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் ஏறி இறங்கிய பட்டறை ஒன்றுகூட என்னை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பட்டறை முதலாளி தவுக்கே மட்டும் மனமிரங்கி, "தே தண்ணி கலக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். ஆனாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரோஷம்!

அந்த ரோஷத்தோடு நேராகக் கூலிம் டவுனில் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போய் மீட்டரை வாங்கினேன். கடைக்கார நானா ஒல்லியாக, வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா? அண்ணனுக்கா?"

"எனக்குத்தான் நானா."

"உனக்கா?" என்றார். பிறகு மீட்டரைத் துடைத்து, குழாயின் நுனியை என் பக்கம் நீட்டினார். "அப்படின்னா நீயே உறிஞ்சிப் பாத்து வாங்கு. ஊசி ஏறி நின்னாத்தான் நல்ல மீட்டர்."

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். நாக்கால் நுனியை அடைத்தேன். ஊசி ஆறில் ஏறி நின்றது. எனக்கு வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கிடைத்ததோ வேறு வேலை. ஹைடெக் பூங்காவில் ஒரு கிலாங், மின்னணுப் பாகம் செய்யும் தொழிற்சாலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்துக்கு முகமூடி, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குள் கண். அந்த அறைக்குள் வரும் காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள். பவுடர் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, எந்த வாசமும் இருக்காது. எட்டு மணி நேரம் எந்த வாசமும் இல்லாமல் இருந்து பாருங்கள், மூக்கு இருப்பதே மறந்துபோகும். அதனாலோ என்னவோ, எங்களை ஏற்றிப் போன வேனின் வாசம் எனக்கு இன்னும் அச்சுப் பிசகாமல் நினைவிருக்கிறது. முன்பக்கம் மல்லிகை, நடுவில் நசி லெமாக் சோற்றுப் பொட்டலம், பின்பக்கம் கித்தா என்கிற ரப்பர் மரத்துப் பால்.

வேன் பாக்கியம் அக்காவுடையது. அப்போது அவருக்கு நாற்பது இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்றுப்போய் மரங்களைச் சாய்க்கத் தொடங்கியதும், கிடைத்த தொகையில் ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கி, லைசென்சும் எடுத்து, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பதின்மூன்று பேரைக் கிலாங்குக்கு ஏற்றிப் போய் ஏற்றி வரும் வேலையைப் பிடித்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, முகத்துக்கு மஞ்சளும் பூசி, கியரைப் போடுவார் பாருங்கள், ரோட்டில் லோரிக்காரர்கள் ஒதுங்குவார்கள்.

அவர் வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணனுக்கு வண்டி ஓட்ட வராது. சைக்கிளே கொஞ்சம் ஆடித்தான் ஓடும். இருபத்தைந்து வருஷம் மரத்தில் பால் வெட்டிய மனிதர், மரமே இல்லாமல் போனதும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். லயத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் ஐந்து மரங்களை மட்டும் யாரும் சாய்க்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஐந்திலும் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பட்டையைக் கீறிப் பால் வெட்டுவார். யாரும் வெட்டச் சொல்லவில்லை, வெட்டாதே என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. ஐந்து மங்குக் கிண்ணம் பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒட்டுவார். செருப்பு, வாளி, பிள்ளைகளின் பந்து, குடை, ரேடியோவின் பின்மூடி, எது கிழிந்தாலும் உடைந்தாலும் பாலை ஊற்றித் துணியைச் சுற்றிவிடுவார். மற்ற நேரத்தில் விடியும் முன்பே எழுந்து வேனைத் துடைத்து, தண்ணி பார்த்து, எண்ணெய் பார்த்து வைப்பார். வேனுக்குப் பின்பக்கம் பால் வாசம் வந்தது அவர் கையால்தான். நாங்கள் மூக்கை மூடிக்கொள்வோம். "நாறுதுண்ணே!" என்று கத்துவோம். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுவார்.

அந்த வேன் ஒருநாள் காலை நடுரோட்டில் இழுக்காமல் நின்றுவிட்டது. கிலாங்குக்கு இருபது நிமிஷம் தாமதம். எல்லா வேன்களுக்கும் மேலே ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கிலாங்கில் அவரை ஏசுவார்கள், அவர் வந்து எங்களை ஏசுவார், அவ்வளவுதான். அன்று அவர் பாக்கியம் அக்காவிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

"மூணு தடவ லேட்டானா வேற வேன் போட்டுருவேங்க்கா. அப்புறம் என்னைய கோவிச்சிக்கக்கூடாது."

அந்த வேன் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்திருந்த நேரம். அக்கா அன்று மாலை எங்களை இறக்கிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ள, நீ படிச்சிருக்கியே. கொஞ்சம் பாரேன். ரெண்டாவது கியர்லயே அழுவுது. பிரேக்கும் கட்டியா இருக்கு, மிதிச்சா எறங்கல. ஒருவேள என் காலுதான் வலுவில்லியோ என்னமோ."

அதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. எஞ்சினைப் பார்க்கப் போகிறவள் பிரேக்கைப் பற்றி எதற்குக் கேட்கவேண்டும் என்று ஒரு மிதப்பு. அந்தப் பாதி வாக்கியத்தை மட்டும் ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் மாலை மீட்டரோடு போனேன். அந்த வகை வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, வேனுக்குள்ளேயே குந்திக்கொண்டுதான் வேலை பார்க்கவேண்டும். லயமே கூடிவிட்டது. மீட்டரைப் பார்த்ததும் வேன் பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "எனக்கும் பிரஷர் பாரு டாக்டர்!" அன்றிலிருந்து எனக்கு டாக்டரம்மா என்று பெயர்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் தே ஐஸ் பொட்டலம் கட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பார்கள் இல்லையா? எஞ்சின் சும்மா ஓடும்போது அப்படித்தான் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்று வரும் வாசலை ஏறக்குறைய மூடி வைத்திருப்பதால் உள்ளே காற்று குறைந்து, வெற்றிடம் மாதிரி ஆகிவிடும். அதைத்தான் மீட்டர் காட்டும். நல்ல எஞ்சின் என்றால் ஊசி பதினெட்டு, பத்தொன்பது, இருபதில் ஆடாமல் நிற்கும். வால்வு எரிந்திருந்தால் ஒரே தாளத்தில் துள்ளும். புகைக்குழாய் அடைத்திருந்தால், ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கும். ஆடாமல், ஆனால் தாழ்வாக நின்றால்தான் சங்கடம். அதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. தீப்பொறி பிந்தி விழலாம். அல்லது ஸ்ட்ராவில் எங்கேயோ ஓட்டை இருக்கலாம்.

பாக்கியம் அக்காவின் வேனில் ஊசி பதினான்கில் நின்றது. அசையவே இல்லை.

"டைமிங் பிந்திப்போச்சுக்கா" என்றேன், ஏதோ ஆயிரம் வண்டி பார்த்தவள் மாதிரி. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பினேன். ஊசி பதினைந்துக்கு வந்தது. இன்னும் திருப்பினேன், பதினாறு. இன்னும் கொஞ்சம், பதினேழு. பச்சைப் பட்டை! எல்லோரும் கைதட்டினார்கள். மாணிக்கம் அண்ணன் மட்டும் ஓரமாக நின்று, ஊசியையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது எனக்கு இன்று நினைவிருக்கிறது. அன்று நான் கைதட்டலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, பாலத்துக்கு முந்தைய ஏற்றத்தில் வேன் ஏறும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக்டக்டக்டக். யாரோ இரும்புக் கதவைத் தட்டுகிற மாதிரி. எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஊசியை மேலே கொண்டுவரும் ஆசையில் தீப்பொறியை எவ்வளவோ முந்த வைத்துவிட்டேன். பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே அதன் தலையில் அடி விழுகிறது. ஏற்றத்தின் பாதியில் சூடு ஏறி, ஆவி பறந்து, வேன் நின்றது. நாற்பது நிமிஷம் தாமதம்.

அது இரண்டாவது தடவை. அதுவும் என்னால்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பாக்கியம் அக்கா ரோட்டோரம் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல பிள்ள, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார். நான் அன்று முழுக்க மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்த்தேன் என்று தெரியாது. முகமூடிக்குள் அழுதால் ஒரு வசதி, மேற்பார்வையாளருக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி மங்கிவிடும்.

நல்லவேளையாக அதற்கு அடுத்த நாள் எங்கள் ஷிப்டுக்கு ஓய்வு. பசியாறாமல்கூடக் காலையிலேயே போய்விட்டேன். முதலில் என் தப்பைச் சரிசெய்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். ஊசி சொல்லிவைத்தாற்போலப் பதினான்குக்கு இறங்கியது. இந்த முறை எதையும் திருப்பவில்லை. எஞ்சினிலிருந்து பிரிந்து போகும் குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இடுக்கியின் வாயில் துணி சுற்றி, குழாயை மடக்கி அழுத்தினால் அதன் வழியாகக் காற்று வராது. எந்தக் குழாயை அழுத்தும்போது ஊசி ஏறுகிறதோ, அங்கேதான் ஓட்டை. இதைப் பாடத்தில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரிசு வாங்கியவளுக்கு அது நினைவுக்கு வர இரண்டு தாமதம் தேவைப்பட்டது.

முதல் குழாய், ஊசி அசையவில்லை. இரண்டாவது குழாய், அதுவும் இல்லை. மூன்றாவது தடித்த குழாய், பிரேக்கை மிதிக்க உதவும் பெட்டிக்குப் போவது. அதை அழுத்தினேன். ஊசி ஒரே தாவாகப் பத்தொன்பதுக்குப் போய் நின்றது. எஞ்சினின் சத்தமே மாறிவிட்டது.

"அக்கா! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

குழாயின் வளைவுக்கு அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை விட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. வெல்லப்பாகு மாதிரி இளகிய ஏதோ ஒன்று. இழுத்தால் ஒரு துணிப்பட்டி கூடவே வந்தது. நீலக் கோடு போட்ட துணி. மாணிக்கம் அண்ணனின் பழைய சட்டை. மூக்கருகே கொண்டுபோக வேண்டியதே இல்லை. அந்த வாசம் எனக்குத் தெரியாதா?

கித்தா பால் எதை வேண்டுமானாலும் ஒட்டும். ஆனால் சூடும் பெட்ரோல் ஆவியும் பட்டால் அது தாங்காது, இளகிவிடும். தோட்டத்தில் பால் வாளியைப் பெட்ரோலுக்கு அருகில் யாரும் கொண்டுபோனதில்லை, அதனால் அண்ணனுக்கு அது தெரிய வழியில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  பாக்கியம் அக்கா ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் துணியைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"என்னா பிள்ள?"

"ஓஸ் கொழாய் பழசுக்கா. வெடிச்சிருக்கு. மாத்தினா சரியாயிரும்."

பொய் இல்லை. வெடித்துத்தான் இருந்தது. அதோடு முடிந்திருக்கும். அக்காவும் நெஞ்சில் கைவைத்து, "முருகா" என்று சொல்லிவிட்டார். அப்போது அண்ணன் பேசினார்.

"நான்தான் ஒட்டினேன்."

"எத?"

"அந்தக் கொழாய. காலையில தொடைக்கிறப்போ ஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சி. பால ஊத்தி, துணிய சுத்திவிட்டேன். சத்தம் நின்னுருச்சு. சரியாயிருச்சின்னு நெனச்சேன்."

"எப்போ?"

"மூணு வாரம் இருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் வேன் கதவில் இல்லாத அழுக்கை விரலால் துடைத்தார். "நீ ஒருத்தியா ஓட்டுற. நானும் ஏதாச்சும் செய்யணும்லம்மா" என்றார்.

 சின்ன வாக்கியம்தான். ஆனால் அவர் அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டார் என்று நான் பார்த்தேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "பிரேக்குக்குப் போற கொழாய்ங்க அது" என்றார். "பின்னாடி பதிமூணு பிள்ளைங்க ஒக்காந்திருக்கு." அவ்வளவுதான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கோழி ஒன்று வேனுக்கடியில் போய் நின்றது, அதை விரட்டக்கூட யாரும் அசையவில்லை. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அக்கா கையை நீட்டினார். நான் துணியைக் கொடுத்தேன். அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்து இழுத்துப் பார்த்தார். பால் நூல் நூலாக நீண்டது.

"மூணு வாரம் தாங்கியிருக்கு பாரு பிள்ள," என்றார். "என் செருப்ப ஒட்டிக் குடுத்தாரு. ரெண்டு நாளு தாங்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "போங்க, போயி சட்டைய மாத்துங்க. பிள்ளையோட கடைக்குப் போயி புது ஓஸ் வாங்கிட்டு வாங்க. இனிமே சத்தம் கேட்டா என்கிட்ட சொல்லணும், ஆமா!" என்று விரட்டினார்.

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் அண்ணனை உட்கார வைத்துக் கூலிம் டவுனுக்குப் போனேன். நானா பழைய குழாயை வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஒட்டும் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். ஒன்றும் கேட்காமல் புதுசை அளந்து வெட்டிக் கொடுத்தார். அவருக்கும் தோட்டத்து ஆட்கள் பழக்கம்தான். மதியத்துக்குள் மாட்டிவிட்டோம். ஊசி பத்தொன்பதில் நின்றது. நான் யாரையும் கைதட்ட விடவில்லை. பாக்கியம் அக்கா பிரேக்கை மிதித்துப் பார்த்து, "அட, என் காலு நல்லாத்தான் இருக்கு!" என்றார்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன், என் மீட்டரின் குழாய் எஞ்சின் பெல்ட்டில் உரசி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. புதுக் குழாய் ஒரு முழம் வாங்கியிருக்கலாம், கடை திறந்துதான் இருந்தது. நான் அதை அண்ணனிடம் நீட்டினேன்.

"இத ஒட்டித் தாங்கண்ணே."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் பிள்ள. நான் ஒட்டினது போதும்."

"இங்க சூடு வராது, பெட்ரோல் புகையும் வராது. சும்மா காத்துதான் போவும். இங்க உங்க பாலு நிக்கும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். இரக்கப்பட்டுச் சொல்கிறேனா, உண்மையாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார். இரண்டும்தான். குழாயை வாங்கிக்கொண்டு, "வெயில் ஏறிருச்சி, இப்ப பாலு வராது. நாளைக்குத்தான்" என்றார்.

மறுநாள் காலை வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக மீட்டரை நீட்டினார். குழாயில் வெள்ளையாக ஒட்டு, அதற்குள் நீலக்கோட்டுத் துணி, விளிம்பெல்லாம் கத்தரித்தாற்போலச் சுத்தம். பின்சீட்டிலிருந்து, "நாறுதுண்ணே!" என்று வழக்கம்போலக் குரல் வந்தது. அன்று பாலத்து ஏற்றத்தை வேன் மூன்றாவது கியரில் ஏறியது. கிலாங் வாசலில் பத்து நிமிஷம் முன்னதாகவே நின்றோம். கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த வேன் அந்த வழியில் ஓடியது. மூன்றாவது தாமதம் வரவே இல்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த மாதம் ஒரு விடுமுறையில் அக்கா அண்ணனையும் எங்களில் நாலைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு யான் என்கிற ஊர்ப் பக்கம் அருவிக்குப் போனார். குளித்துவிட்டு, குருண் வழியாகச் சுற்றி, ஜெராய் மலைமேலும் ஏறினோம். உச்சியில் வேனை நிறுத்தியதும், பெருமை பீற்றிக்கொள்ளத்தான், மீட்டரை மாட்டினேன். ஊசி பதினைந்தில் நின்றது. எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அண்ணன் அதற்குள் பார்த்துவிட்டார். வாங்கி வைத்திருந்த வறுத்த கச்சான் கடலைப் பொட்டலத்தை அப்படியே சீட்டில் வைத்தார்.

"மறுபடியுமா பிள்ள?"

"இல்லண்ணே. இங்க மேல காத்தே கம்மி. ஊசி எறங்கத்தான் செய்யும். யாரு மேலயும் தப்பில்ல."

"யாரு மேலயும் இல்லியா?"

"யாரு மேலயும் இல்ல."

அவர் போய் ஓரத்தில் நின்று கீழே பார்த்தார். யான் வயல்கள் பச்சையாக, அதற்கு அப்பால் கடல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கச்சான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். மலையிறங்கியதும், "இன்னொரு தடவ பாரேன்" என்றார். பத்தொன்பது. அன்று வீடு வந்து சேரும்வரை பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், சுதி சேரவே இல்லை.

அந்த ஒரு வேனைத் தவிர நான் வேறெந்த எஞ்சினுக்கும் வைத்தியம் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பிலேயே என் காலம் போய்விட்டது. இப்போது நானே மேற்பார்வையாளர், பெண்கள் முகமூடிக்குள் அழுதால் எனக்குத் தெரிந்துவிடும். லயம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். சாக்கடையோரத்து ஐந்து மரங்களும் போய், அங்கே ஒரு ரவுண்டபோட் இருக்கிறது. வேனைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போது குளிரூட்டிய கம்பெனி பஸ்தான். ஏறினால் ஒரு வாசமும் இல்லை, யாரும் யாரோடும் பேசுவதும் இல்லை. நானாவின் கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மாணிக்கம் அண்ணன் போய் எட்டு வருஷம் ஆகிறது.

டின்னிலிருந்து எடுத்த மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, நேற்று பாக்கியம் அக்காவைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, நடை குறைந்துவிட்டது. போகும் வழியில் ஒரு கடையில் புது ரப்பர் குழாயும் வாங்கி வைத்திருந்தேன், ஏனென்றால் அந்த ஒட்டு காய்ந்து, பழுப்பேறி, விரலால் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது.

அக்கா மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டினார். எண்களைப் பார்க்கவில்லை. ஒட்டைத்தான் பார்த்தார். நீலக்கோடு இன்னும் ஒன்றிரண்டு தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனார்.

"வாசமே போயிருச்சே பிள்ள" என்றார்.

"ஆமாக்கா."

"எவ்ளோ நாறும்!"

அக்கா குழாயின் நுனியை என் பக்கம் நீட்டினார்.

"வேல செய்யிதா இது?"

குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன், நாக்கால் அடைத்தேன். ஊசி ஐந்துக்கு ஏறியது. நிற்கவில்லை. மெல்ல, அவசரமே இல்லாமல், நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது.

"எங்கியோ ஓட்ட" என்றார் அக்கா.

எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியும். புதுக் குழாய் என் பையில் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ உறிஞ்சு பிள்ள" என்றார்.

உறிஞ்சினேன். ஊசி இறங்கி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.